நிஸான்: 1999-இல் ஒரே வருடத்தில் லாபம், இப்போது ஏன் இழுக்கிறது?

கியர்_5 கேட்டது:

பிரெஞ்சு கார் நிறுவனமான ரெனோ அனுப்பிவைத்த கார்லோஸ் கோன் 1999 அக்டோபர் 18 அன்று நிஸானின் மறுமலர்ச்சித் திட்டத்தை அறிவித்தார். ஜப்பானில் 5 ஆலைகள் மூடல், உலக அளவில் 21,000 வேலைக் குறைப்பு. அந்த நிதியாண்டின் நஷ்டம் 68,400 கோடி யென். அடுத்த நிதியாண்டிலேயே 33,100 கோடி யென் நிகர லாபம்.

இப்போது நிஸானின் தலைமைச் செயல் அதிகாரி இவான் எஸ்பினோசா. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி பொறுப்பேற்றார், மே 13-ஆம் தேதி 'ரீ:நிஸான்' திட்டம் வந்தது. ஆலைகள் 17-லிருந்து 10, வேலைக் குறைப்பு 20,000, செலவுச் சேமிப்பு 50,000 கோடி யென். வெட்டு ஏறக்குறைய அதே அளவு, ஆலைக் கணக்கில் அதைவிடப் பெரிது. ஆனால் 2025 ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டில் 22,190 கோடி யென் நிகர நஷ்டம்.

அதே மருந்து ஏன் இந்த முறை வேலை செய்யவில்லை? ஆலை மூடினால் பணம் எப்போது மிச்சமாகும்? காலாண்டு அறிக்கையில் எந்த எண்ணைப் பார்த்தால் வண்டி திரும்புகிறதா என்று தெரியும்? அமெரிக்க வரியைத் தவிர வேறு காரணம் உண்டா என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே மருந்து என்று சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறது. 1999 திட்டத்தில் படத்தோடு செய்தியானது ஆலை மூடல். லாபம் வந்தது கொள்முதலில்.

தேதிகளைப் பாருங்கள். முரயாமா, நிஸான் ஷாதாய் கியோட்டோ, ஐச்சி மெஷின் மினாத்தோ ஆகிய மூன்று வாகன ஆலைகளுக்கும் வைத்த கெடு 2001 மார்ச். குரிஹாமா, க்யூஷூ என்ஜின் பிரிவுகளுக்கு 2002 மார்ச். லாபம் வந்த நிதியாண்டு 2001 மார்ச்சோடு முடிகிறது. அதாவது ஆலைகளின் கதவு சாத்தப்படும் நேரத்தில் லாபம் ஏற்கெனவே புத்தகத்தில் ஏறிவிட்டது.

அப்போது நிஸானின் மொத்தச் செலவில் சுமார் 60 சதவீதம் வெளியிலிருந்து வாங்கும் பாகங்களுக்கும் சேவைகளுக்கும் போனது. ரெனோவோடு ஒப்பிட்டபோது அதே மாதிரி பாகத்துக்கு நிஸான் 20 முதல் 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. காரணம் கெய்ரெட்சு, அதாவது பங்கு உறவால் கட்டிய கம்பெனிக் குடும்பம். 1,394 நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தார்கள். உறவுக்காரரிடம் பேரம் பேச முடியாது, விலை இறங்கவில்லை. கோன் அந்தப் பங்குகளில் நான்கு நிறுவனங்களைத் தவிர மற்றவை அவசியமில்லை என்று அறிவித்தார். பாக சப்ளையர்கள் 1,145-லிருந்து 600-க்கு, கொள்முதல் விலை மூன்று ஆண்டில் 20 சதவீதம் கீழே. உருக்கு வாங்குவதிலும் எல்லா உருக்குக் கம்பெனிக்கும் ஆர்டரைக் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் போயிற்று. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் பின்னால் என்.கே.கே., கவாசாகி ஸ்டீல் என்ற இரண்டு உருக்குக் கம்பெனிகளும் ஒன்றாகி ஜே.எஃப்.இ. பிறந்தது.

கொள்முதலில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. வெறும் 'விலையைக் குறை' என்று கடிதம் அனுப்பவில்லை. வெண்டார், கொள்முதல், வடிவமைப்பு ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. வடிவமைப்பாளர் போட்ட தேவையில்லாத தரக்குறிப்பு எவ்வளவு காசு தின்கிறது என்பது வெண்டாருக்குத்தான் தெரியும், ஆனால் அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. பல துறையினர் கலந்த குழுக்கள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் போல, இடைநிலை மேலாளர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பரிந்துரை மட்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள்.

இனி 2025. 1999-இல் வாகனப் பிரிவின் தலையில் சுமார் 1.4 லட்சம் கோடி யென் நிகரக் கடன். 2025 மார்ச் இறுதியில் அதே பிரிவின் கையில் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி யென் நிகர ரொக்கம். ஆகவே உடனடியாக மூச்சு முட்டவில்லை. ஆனால் விற்பனை? 2017 நிதியாண்டில் (அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரை) 57.7 லட்சம் வண்டி, 2024 நிதியாண்டில் 33.5 லட்சம். கெய்ரெட்சு கொழுப்பு இருபது ஆண்டுக்கு முன்பே கரைந்துவிட்டது. 1999-இல் நிஸான் தப்பாக வாங்கிக்கொண்டிருந்தது, இன்று விற்க முடியாமல் நிற்கிறது. வாங்குவதை ஒரு வருடத்தில் திருத்தலாம். விற்பதற்குப் புது மாடல் வேண்டும், அதற்கு மூன்று வருடம்.

விற்பனை விழுந்தால் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு (நிஸானின் எண் இல்லை). ஆலையின் நிலைச்செலவு, அதாவது எத்தனை வண்டி செய்தாலும் மாறாத செலவு, வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். ஒரு வண்டி விற்றால் பாகம், டீலர் கமிஷன், சரக்குக் கட்டணம் போக மிஞ்சுவது 2 லட்சம். 3 லட்சம் வண்டியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, சமன். 2.5 லட்சம் மட்டும் விற்றால் 1,000 கோடி நஷ்டம். பயந்துபோய் வண்டிக்கு 20,000 தள்ளுபடி கொடுக்கிறீர்கள். மிச்சம் 1.8 லட்சமாகிறது, சமன்புள்ளி 3.33 லட்சத்துக்கு ஓடிவிடுகிறது. அந்தத் தள்ளுபடியால் 80,000 வண்டி கூடுதலாக விற்றால்கூட நஷ்டம் தீராது. எஸ்பினோசா சீனா நீங்கலாக ஆண்டுத் திறனை 35 லட்சத்திலிருந்து 25 லட்சமாக இறக்குவது இந்தச் சமன்புள்ளியைக் கீழே கொண்டுவரத்தான். 50,000 கோடி யென் சேமிப்பில் சரிபாதி நிலைச்செலவு, மறுபாதி மாறுசெலவு (வண்டி எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது) என்று பிரித்திருப்பதும் அதற்கே.

அமெரிக்க வரி 25 சதவீதமாக வந்து பிறகு 15 ஆனது, அது உண்மையான அடி. ஆனால் 2024 நிதியாண்டின் 67,090 கோடி யென் நிகர நஷ்டம் அந்த வரி வருவதற்கு முந்தைய கணக்கு. வரியைக் காரணம் காட்டுபவர்களிடம் இந்த ஒரு எண்ணை நீட்டுங்கள்.

---

லைன்_பேலன்ஸ் எழுதியது:

ஆலை மூடினா காசு எப்போ வரும்னு கேட்டீங்க. முதல்ல போகும், அப்புறம்தான் வரும். ஒப்பாமாவை வெச்சே சொல்றேன், இப்போ நடக்குறது அதுதான்.

ஒப்பாமா யோகோசுகாவுல இருக்கு, 1961-ல ஆரம்பிச்சது, சுமார் 2,400 பேர் வேலை பாக்குறாங்க. 2025 ஜூலை 15-ல அறிவிச்சாங்க: 2027 நிதியாண்டு முடிவுல, அதாவது 2028 மார்ச்ல, வண்டி உற்பத்தி நிக்கும், வேலை நிஸான் மோட்டார் க்யூஷூவுக்குப் போகும். ஆராய்ச்சி மையம், சோதனை ஓட்டத் தளம், கப்பல் துறை எல்லாம் அங்கேயே இருக்கும். அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவுல இரண்டரை வருஷம் இருக்கு பாருங்க, அதுக்குக் காரணம் இருக்கு.

ஒரு மாடலை ஆலை மாத்துறது இப்படி நடக்கும். கடைசி வண்டி எந்தத் தேதின்னு முதல்ல பூட்டணும். டை (தகட்டை அழுத்தி உருவம் கொடுக்குற அச்சு), ஜிக் (பாகத்தை இடத்துல பிடிச்சு வைக்குற சட்டம்) எல்லாத்தையும் கழட்டி ஏத்தி இறக்கி மறுபடி ஓட வைக்குற காலத்துல டீலருக்கு வண்டி வேணுமே, அதுக்கு முன்கூட்டியே ஓவர்டைம் போட்டு ஸ்டாக் கட்டணும். அந்த ஸ்டாக்குல பணம் முடங்கும். அப்புறம் பிரஸ் டை. பழைய ஆலையோட பிரஸ் டன்னேஜ், பெட் அளவு, குஷன் பின் அமைப்பு எல்லாம் புது ஆலையில அப்படியே இருக்காது. டையோட அடித்தட்டை மாத்தணும், மறுபடி ட்ரை-அவுட், அதாவது அடிச்சுப் பாத்து சரி பண்ணணும். கதவோட வெளித்தகடு, ஃபெண்டர் மாதிரி ஆழமா இழுக்குற பாகத்துல சுருக்கமும் விரிசலும் வரும், அதைத் தட்டித் தேய்ச்சு சரி பண்றதுலயே வாரக்கணக்கா போகும்.

வெல்டு ஜிக் போய் உக்காந்ததும் பாடியோட அளவை முழுசா மறுபடி எடுக்கணும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தா கதவு இடைவெளியில தெரிஞ்சிடும். பெயிண்ட்ல இன்னொரு தலைவலி. பம்பர் பிளாஸ்டிக், வேற வெண்டார் பூசுறார். பாடி புது பெயிண்ட் ஷாப்ல வேற சூட்டுல, வேற ஸ்ப்ரே துப்பாக்கியில பூசப்படுது. முத்து வெள்ளை, சிவப்பு ரெண்டுலயும் நிறம் ஒத்து வராது. ஒவ்வொரு நிறத்துக்கும் மாஸ்டர் தகடு புதுசா ஒப்புதல் வாங்கணும்.

பாகமும் அப்படித்தான். வெண்டார் தன் லைனை நகர்த்தினா அந்தப் பாகத்துக்கு பிபிஏபி (உற்பத்திக்கு முன்னாடி வாங்குற பாக ஒப்புதல்) புதுசா போடணும். சீட், பம்பர், டேஷ்போர்டு மாதிரி பெரிய பாகம் வரிசைப்படி நேரா லைனுக்கு வரும், அதனால அந்த வெண்டார் ஆலைக்குப் பக்கத்துலயே இருந்தாகணும். கனகாவாவுல இருக்குறவர் க்யூஷூவுல புதுக் கட்டடம் போடுவாரா? சின்ன வெண்டார் போட மாட்டார். அவர் விலகினா மாத்து வெண்டாரைப் பிடிக்கணும், புது டூலுக்குக் காசு கொடுக்கணும்.

ஆட்கள் செலவு தனி. ஜப்பான்ல மொத்தமா வெளியே அனுப்புறது நடைமுறையில ரொம்பக் கஷ்டம். வேற ஆலைக்கு மாத்தல், முன்கூட்டிய ஓய்வுன்னு யூனியனோட பேசித்தான் தீரும். மெக்சிகோவுல சிவாக் ஆலை, 1966-ல நிஸான் ஜப்பானுக்கு வெளியே முதல்ல கட்டினது. அங்கே 2026 மார்ச்சுக்குள்ள நிறுத்தி அகுவாஸ்காலியன்டெஸுக்கு வேலையை மாத்துறாங்க. அது வேகமா நடக்குறதுக்குக் காரணம், மாத்துற இடம் அதே நாட்டுல பெரிய ஆலையா, வெண்டார் கூட்டத்தோட தயாரா இருக்கு.

மொத்தத்துல, மூடின பிறகு ஒரு முழு வருஷம் ஓடினாத்தான் சேமிப்பு கணக்குல சுத்தமா தெரியும். அதுவும் போற இடத்துல லைன் நிறைஞ்சா மட்டும். ரெண்டு அரைகுறை ஆலையை ஒண்ணாக்கி அதுவும் அரைகுறையா ஓடினா என்ன பிரயோஜனம்?

---

டீசல்புகை எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் கோனுக்குப் பாதி கதையோடு மாலை போட்டுவிட்டார். இன்றைய நோயின் விதை அவர் காலத்தில்தான் விழுந்தது. 2011-இல் வந்த 'பவர் 88' திட்டம்: 2016 நிதியாண்டுக்குள் உலகச் சந்தையில் 8 சதவீதப் பங்கு, 8 சதவீத லாப விகிதம். இரண்டும் ஒன்றை ஒன்று கடிக்கும் இலக்குகள். பங்கைப் பிடிக்க அமெரிக்காவில் தள்ளுபடியும் வாடகைக் கம்பெனிகளுக்கு மொத்த விற்பனையும் போட்டார்கள். வாடகை வண்டி சில வருடத்தில் பழைய வண்டிச் சந்தையில் கொட்டும்போது மறுவிற்பனை விலை விழும். அது விழுந்தால் லீஸ் தவணை ஏறும். தவணை ஏறினால் மறுபடி தள்ளுபடி. சி.வி.டி. (படிகள் இல்லாத தானியங்கி) கியர்பாக்ஸ் புகார்களும் சேர்ந்தன.

அவருக்குப் பின் வந்தவர்களும் திட்டம் போடாமல் இல்லை. 2020-இல் 'நிஸான் நெக்ஸ்ட்', பார்சிலோனா ஆலையும் இந்தோனேசிய ஆலையும் போயின. 2024 மார்ச்சில் 'ஆர்க்', 10 லட்சம் வண்டி கூடுதலாக விற்போம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் 9,000 பேர் குறைப்பு, திறனில் 20 சதவீத வெட்டு என்று அறிவிக்க வேண்டி வந்தது. எஸ்பினோசா சொல்லும் 20,000-இல் இந்த 9,000-மும் அடக்கம், கவனியுங்கள்.

---

போல்ட்_நட் எழுதியது:

ஆலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எஸ்பினோசா திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பொறியியல் பக்கம்: பாகங்களின் பல்வகையை 70 சதவீதம் குறைப்பது, பிளாட்பார்ம் (பல மாடல்களுக்குப் பொதுவான அடிச்சட்டகம்) 13-லிருந்து 2035 நிதியாண்டுக்குள் 7, ஒரு மாடல் குடும்பத்தில் முதல் வண்டியின் உருவாக்கத்தை 37 மாதத்திலும் அடுத்தவற்றை 30 மாதத்திலும் முடிப்பது. இந்த வேகத்துக்கு முதல் சோதனை புது ஸ்கைலைனும், சி-பிரிவு எஸ்.யூ.வி.யும், நிஸானின் ஆடம்பரப் பிராண்டான இன்ஃபினிட்டியின் சிறிய எஸ்.யூ.வி.யும்.

பல்வகை எப்படிப் பெருகுகிறது என்பதற்கு வயரிங் ஹார்னஸ் (வண்டியின் மின்கம்பிக் கட்டு) நல்ல உதாரணம். என்ஜின் 3, கியர்பாக்ஸ் 2, ஸ்டியரிங் இடம் 2, டிரிம் (வசதி நிலை) 5 என்றால் 60 சேர்க்கை. என்ஜினையும் டிரிமையும் ஒவ்வொன்றாகக் குறைத்து 2-ம் 4-ம் ஆக்கினால் 32. கேமரா, சூடாகும் இருக்கை என்று எட்டு விருப்பங்களைத் தனித்தனியாக விற்றால் அதன் மேல் 256 மடங்கு. நடைமுறையில் எல்லாம் ஓடாது, ஆனால் ஓடக்கூடிய ஒவ்வொன்றுக்கும் வரைபடம், பாக எண், ஸ்டாக் இடம், தவறாக மாட்டும் வாய்ப்பு என எல்லாம் வரும். விருப்பங்களை மூன்று நான்கு மூட்டைகளாகக் கட்டி விற்பதுதான் மலிவான வழி. சில இடங்களில் எதிர்த்திசையும் லாபம்: எல்லா வண்டிக்கும் அந்தக் கம்பியைப் போட்டுவிட்டு, பயன்படாத முனையை மூடி விட்டுவிடலாம். தாமிரம் கொஞ்சம் வீண், ஹார்னஸ் ஒரே எண்.

தவறும் இடம் மூன்று. பாக எண்ணை உற்பத்தியில் நிறுத்தினாலும் உதிரிபாகமாகப் பல ஆண்டுகள் கொடுத்தாக வேண்டும், எனவே டையைத் தூக்கி எறிய முடியாது. குறைந்த அளவில் ஓடும் அந்தப் பாகத்தின் விலையை வெண்டார் ஏற்றுவார். அடுத்து, விற்பனைப் பிரிவு: 'எங்கள் நாட்டுக்கு இது இல்லாமல் விற்காது' என்று ஒவ்வொரு நாடும் மனுப் போடும், அதை மறுக்கத் தலைமையிலேயே ஒருவர் கையெழுத்து அதிகாரத்தோடு உட்கார வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே ஓடும் மாடலில் பல்வகையைக் குறைத்தால் சோதனை, ஒப்புதல் செலவு சேமிப்பையே தின்றுவிடும். புது மாடலோடுதான் பெரும் பலன் வரும்.

அதனால்தான் ஒரு கவலை. 2026 நிதியாண்டுக்குப் பிந்தைய வண்டிகளின் வேலையையும் முன்னோடி ஆராய்ச்சியையும் தற்காலிகமாக நிறுத்தி 3,000 பேரைச் செலவுக் குறைப்பில் போட்டார்கள். மாறுசெலவைக் குறைக்க இது நியாயம்தான், ஒரு வண்டியின் செலவு வரைபடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆனால் இன்று நிறுத்திய மாதங்கள் இரண்டு மூன்று வருடம் கழித்து ஷோரூமில் வெற்றிடமாக வரும். கோன் வெட்டிய அதே மூன்றாண்டில் 22 புது மாடல் என்று வாக்குக் கொடுத்தார், இசுஸுவிலிருந்து ஷிரோ நகமுராவை வடிவமைப்புத் தலைவராக அழைத்து வந்தார். 2002 ஆல்டிமா வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது வாங்கியது. அந்த வண்டியின் வேலை கோன் வருவதற்கு முன்பே நிஸானுக்குள் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்பினோசாவுக்கு அப்படிக் கையிருப்பு குறைவு. அமெரிக்காவில் ஹைப்ரிட் அலை அடித்தபோது நிஸானிடம் அங்கே விற்க சொந்த ஹைப்ரிட் ஒன்றுகூட இல்லை. நிஸானின் இ-பவர் ஹைப்ரிட் அமைப்போடு ரோக் எஸ்.யூ.வி. 2026 நிதியாண்டில்தான் என்பது திட்டம்.

---

கியர்_5:

நன்றி. அப்படியானால் காலாண்டு அறிக்கையில் எதை முதலில் புரட்டுவது? இன்னொன்று, ஒரகடம் ஆலையை ரெனோவுக்குக் கொடுத்தது இந்த 17-லிருந்து 10 கணக்கில் வருகிறதா? ஒரகடம் சுற்றி இருக்கும் வெண்டார்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் நிகர லாப நஷ்டத்தைத் தள்ளி வையுங்கள். 2024 நிதியாண்டின் 67,090 கோடி யென் நஷ்டத்துக்கு முக்கியக் காரணம் 50,000 கோடி யென்னுக்கு மேற்பட்ட சொத்து மதிப்புக் குறைப்பு. அந்தக் காசு பல வருடம் முன்பே கட்டடமாகவும் இயந்திரமாகவும் செலவானது. அதே ஆண்டில் இயக்க லாபம் 6,980 கோடி யென் இருந்தது. மதிப்பைக் குறைத்ததால் இனி வரும் ஆண்டுகளில் தேய்மானச் செலவும் குறையும், இயக்க லாபம் தானாகவே கொஞ்சம் அழகாகத் தெரியும். அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது.

பார்க்க வேண்டியது வாகனப் பிரிவின் கட்டற்ற பணவோட்டம், அதாவது செலவும் முதலீடும் போகக் கையில் மிஞ்சும் ரொக்கம். இயக்க லாபமும் இதுவும் 2026 நிதியாண்டில் நேர்மறையாகும் என்பது அவர்களே வைத்த கெடு. இதிலும் இரண்டு ஏமாற்று உண்டு: வெண்டார் பாக்கியை இழுத்தடித்தால் பணவோட்டம் நன்றாகத் தெரியும், சொத்து விற்றாலும் தெரியும். யோகோஹாமா தலைமையகத்தை 9,700 கோடி யென்னுக்கு விற்று, 20 ஆண்டு வாடகைக்கு அதிலேயே உட்காருகிறார்கள். அது ஒருமுறை வரவு, கூடவே புது வாடகைச் செலவு. எனவே செலுத்த வேண்டிய பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். அதற்கடுத்து டீலர் கையிருப்பு, அமெரிக்காவில் ஒரு வண்டிக்கான ஊக்கத்தொகை. விற்பனை ஏறி ஊக்கத்தொகையும் ஏறினால் பழைய பவர் 88 பாதைதான்.

---

லைன்_பேலன்ஸ்:

ஒரகடம் மூடல் இல்லை. 2010-ல இருந்து ஓடுற ஆலை, நிஸான் கையில 51, ரெனோ கையில 49 சதவீதம் இருந்துச்சு. 2025 மார்ச் 31-ல அறிவிச்ச ஒப்பந்தப்படி 51-உம் ரெனோவுக்குப் போயிடுச்சு. நிஸானோட மேக்னைட் அங்கேயேதான் ஓடுது, ரெனோ டஸ்ட்டரோட உறவுக்கார எஸ்.யூ.வி. டெக்டானும் அங்கேதான். நிஸான் இனி முதலாளி இல்லை, காசு கொடுத்து வண்டி செஞ்சு வாங்குற வாடிக்கையாளர். நிலைச்செலவை மாறுசெலவா மாத்துற வேலை இது. ரெண்டு கம்பெனிக்கும் பொதுவான பொறியியல் மையத்துல மட்டும் 49 சதவீதத்தை நிஸான் வெச்சுக்கிட்டிருக்கு.

வெண்டாருக்கு இதுல என்ன? பங்கு கை மாறினாலும் ஆலைக் கம்பெனி அதேதான், ஓடுற ஆர்டர் தானா செல்லாமப் போகாது. ஆனா ரெண்டு விஷயத்தை எழுத்துல சரிபார்க்கணும். ஒண்ணு, டூல் செலவைப் பாக விலைக்குள்ள பிரிச்சு வாங்குறவங்க, எத்தனை லட்சம் பாகத்துக்குன்னு பிரிச்சிருக்கு, அந்த எண்ணிக்கை வரலைன்னா மிச்சம் யார் தலையில விழும்னு ஒப்பந்தத்துல இருக்கணும். டூல் பட்டியல்ல ஒவ்வொரு டையும் யார் சொத்துன்னு படத்தோட இருக்கணும். ரெண்டு, நிஸான் பேட்ஜ் வண்டிக்குப் போற பாகத்தோட மாச ஷெட்யூலையும் ரெனோ பேட்ஜோடதையும் தனித்தனியா கேட்டு வாங்குங்க. மேக்னைட் எண்ணிக்கையில ஏற்றுமதிக்குப் பெரிய பங்கு, வெளிநாட்டு ஆர்டர் ஆடினா அந்த மாசமே இங்கே தெரியும். மொத்த எண்ணை மட்டும் பார்த்தா ஒண்ணு இறங்குறது மத்ததுல மறைஞ்சிடும்.

---

கணக்குப்பிள்ளை:

லைன்_பேலன்ஸ் சொன்னதோடு ஒன்று. குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருக்கும் உற்பத்தியாளருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணம் கொடுக்க 45 நாளுக்கு மேல் கெடு வைக்கவே முடியாது, ஒப்பந்தத்தில் 90 என்று எழுதியிருந்தாலும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு மாதாந்திரக் கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்டிக்கொள்ள முடியும். இரண்டாம் நிலை வெண்டாருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மேலே இருப்பவர் 'கார் கம்பெனி எங்களுக்குக் கொடுக்கவில்லை' என்பார், சட்டத்தில் அந்தப் பதிலுக்கு இடமில்லை. பதிவு எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சடியுங்கள்.